நான்கு முறை அவிழ்ந்த லேஸ்

ஞாயிறு காலை ஆறு மணி. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் நடை, பூந்தமல்லியில் தொடங்கவிருந்தது. ஆறாம் வகுப்பு அதீபாவுக்குத் தொப்பி கொடுக்கும் வேலை. நடக்க வருகிறவர்களுக்கு வெள்ளைத் தொப்பி. அந்த நோயிலிருந்து மீண்டு வந்தவர்களுக்கு மட்டும் மஞ்சள் தொப்பி.

"ஐயையோ, விசில் வருது!" என்று கிசுகிசுத்தான் அவள் வகுப்பு ஸ்ரீநாத்.

பி.டி. ஆசிரியர் கஜபதி வந்துகொண்டிருந்தார். கழுத்தில் அதே விசில். அதை அவர் ஊதினால் மைதானத்து நாய்கூட வரிசையில் நிற்கும்.

அதீபா விறைப்பாக நின்று வெள்ளைத் தொப்பியை நீட்டினாள்.

"அது இல்லம்மா. மஞ்சள் குடு."

"சார், மஞ்சள் வந்து... கேன்சர் வந்து சரியானவங்களுக்கு."

"தெரியும். குடு."

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. ஸ்ரீநாத் திறந்த வாயை மூட மறந்துபோனான்.

போன வருடம் சார் நான்கு மாதம் பள்ளிக்கு வரவில்லை. ஏதோ சொந்த வேலை என்றார்கள். வகுப்பே கொண்டாடியது. அதீபா ஒரு படி மேலே போய், 'சார் இன்னும் ஒரு மாசம் வரக்கூடாது' என்று தினமும் தொழுது துஆ கேட்டாள். அதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியும் வைத்தாள்.

"நீதானே துஆ..." என்று தொடங்கினான் ஸ்ரீநாத்.

"வாயை மூடுடா!"

அவள் மஞ்சள் தொப்பியை எடுத்து இரண்டு கையாலும் சாரிடம் நீட்டினாள்.

பாரிவாக்கம் வரை மூன்று கிலோமீட்டர். தொப்பி கொடுத்து முடித்த அதீபாவும் ஸ்ரீநாத்தும் சாரோடு சேர்ந்து நடந்தார்கள். சார் முதலில் விறுவிறுவென்று நடந்தார். பாதி வழியில் அவருக்கு மூச்சு வாங்கியது. நடக்க முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளப் பின்னாலேயே ஊர்ந்து வந்த வேனிலிருந்து, அதை ஓட்டிய மேக்ஸ்வெல் அண்ணன் தலையை நீட்டினார்.

"சார், வேன்ல ஏறிக்கோங்க. இதுல இன்னா கீது?"

"வேணாம்பா. ஆஸ்பத்திரில படுத்திருக்கும்போதே முடிவு பண்ணது. முழுசும் நடந்தே வருவேன்."

"சரி சார். ஆனா முடியாம நின்னுட்டா ஏத்திடுவேன். ரூல் அது."

சார் நிற்கவில்லை. ஆனால் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்ச தூரம் இப்படி நடந்தால் விழுந்துவிடுவார். நின்றால் வேனில் ஏற்றிவிடுவார்கள். என்ன செய்வது? அதீபா யோசித்தாள்.

சட்டென்று நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தாள். "சார்! ஷூ லேஸ் அவுந்துடுச்சு. என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடாதீங்க!"

நீளமான சுடிதார் பேண்ட் ஷூவை மூடியிருந்தது நல்லதாகப் போயிற்று. அவள் குனிந்து நிதானமாகக் கட்டினாள், கட்டினாள், கட்டிக்கொண்டே இருந்தாள். சாருக்கு மூச்சு சீரானது.

"இன்னா சார், நின்னுட்டீங்க?" என்று வேனிலிருந்து கேட்டார் மேக்ஸ்வெல் அண்ணன்.

"நான் எங்கப்பா நின்னேன்? ஸ்டூடண்ட் லேஸ் கட்டுது!"

லேஸ் இரண்டாவது முறையும் அவிழ்ந்தது. மூன்றாவது முறையும் அவிழ்ந்தது. நான்காவது முறை ஸ்ரீநாத் குனிந்தான்.

"இன்னா அதீபா, உன் ஷூவுல..."

அதீபா அவன் காலை மிதித்தாள்.

"ஆ!" என்றதோடு அவன் நிறுத்திக்கொண்டான்.

பாரிவாக்கத்தில் கைதட்டல் காதைப் பிளந்தது. சார் நடந்தேதான் வந்து சேர்ந்தார். மஞ்சள் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதீபா அருகே போனாள். "சார், ஒண்ணு சொல்லணும். நீங்க லீவுல இருந்தப்ப, இன்னும் ஒரு மாசம் வரக்கூடாதுன்னு துஆ கேட்டேன். உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு சத்தியமா தெரியாது சார்."

கண் நிறைந்துவிட்டது. விசில் அலறப் போகிறது என்று ஸ்ரீநாத் இரண்டு அடி பின்வாங்கினான்.

சார் அவளையே பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு பீறிட்டது. "வரக்கூடாதுன்னு கேட்டியா? பாரு, வந்துட்டேனே! சரி, காலை நீட்டு."

அதீபா தயங்கித் தயங்கிக் காலை நீட்டினாள். பேண்ட் மேலே ஏறியது. ஷூவில் ஒட்டும் பட்டைதான் இருந்தது. லேஸ் இல்லை.

"முதல் தடவையே பார்த்துட்டேன்," என்றார் சார். "நாலாவது தடவை இன்னும் கொஞ்ச நேரம் கட்டியிருக்கலாம்!"