கிளி சொன்ன திசை

பல்லடம் சரக்கு வான்தளத்தில் புறப்படும் முன் ஒவ்வொரு விமானியும் இமையைச் சோதிக்க வேண்டும். பொத்தானை அமுக்கினால் முன்கண்ணாடி முழுக்கக் கறுத்துவிடும். துளி வெளிச்சம் தெரிந்தாலும் வண்டி கிளம்பக் கூடாது. ருக்மணியின் வண்டி பழுதுக்குப் போயிருந்ததால் அன்று கடைசி நேரத்தில் வேறொன்றைக் கொடுத்திருந்தார்கள். அதன் இமை நன்றாக மூடியது. பக்கத்தில் நின்ற தம்பி நாச்சிமுத்துவின் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். கண்ணாடியைக் கறுக்க வைக்கும் பூச்சை உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டி வைத்திருந்தான்.

அவனை வெளியே இழுத்துப் போட்டு அறைந்தாள். உதடு கிழிந்தது.

"கண்ணு எதுக்குக்கா இருக்குது? கிளி சொல்லுதுன்னு குருட்டாம்போக்குல போய்ச் சாகோணுமா? எதுக்க எவன் வந்தாலும் நான் மேலதான் போவேன். எப்பவும் அப்பிடித்தான் போறேன்."

மறுபடி அறைந்தாள். "அவனோட கிளியும் ஏறுன்னு சொல்லியிருந்தா? அவனையும் சேத்துக் கொல்லுவியாடா?"

இரத்தத்தைத் துப்பிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டான். புகார் கொடுத்தால் அவன் உரிமம் போய்விடும். அவள் கொடுக்கவில்லை, கூடப் பிறந்தவன் ஆயிற்றே.

கிளி என்று விமானிகள் சொல்வது மோதல் எச்சரிப்பானை. இரண்டு வண்டிகள் நெருங்கினால் இரண்டு கிளிகளும் தமக்குள் பேசி, ஒருவரை ஏறச் சொல்லும், மற்றவரை இறங்கச் சொல்லும். முன்பு ஒரு விமானி கிளியை விட்டுக் கண்ணை நம்பியதில் இருநூறு பேர் செத்தார்கள். அதிலிருந்து எச்சரிக்கை வந்ததும் இமை மூடும், வானொலியும் அறுந்துவிடும். கிறுக்குத்தனமான சட்டம்தான். ஆனாலும் அதன் பிறகு மோதலே நடந்ததில்லை.

சரக்கை இறக்கிவிட்டுத் திரும்புகையில், பாலக்காட்டுக் கணவாயில், நல்ல வெயிலில், கிளி கத்தியது. இமை மூடியது. திரையில் எதிர்வண்டியின் எண் வந்தது. நாச்சிமுத்துவின் எண்.

"ஏறு, ஏறு" என்றது கிளி. அப்படியானால் அவனை இறங்கச் சொல்லியிருக்கும். அவனா இறங்குவான்? கூப்பிட்டுச் சொல்ல வழியில்லை. முதல்முறையாகக் கிளியை மீறி அவள் வண்டியைக் கீழே இறக்கினாள்.

அவன் இறக்கை அவள் வண்டியின் வாலை அரிந்துகொண்டு போனது. தகடுகள் கிழிந்தன. உயிர்காப்பு இருக்கை அவளை வெளியே பிய்த்தெறிந்தது. வான்குடையில் தொங்கியபடி, தம்பியின் வண்டி எரிந்துகொண்டே சோளக்காட்டில் விழுந்து சிதறுவதைப் பார்த்தாள்.

முறிந்த காலை இழுத்துக்கொண்டு அவனிடம் போனாள். இடுப்புக்குக் கீழே நசுங்கிக் கிடந்தான். முகம் வெந்து கண்கள் ஒட்டிப்போயிருந்தன. அவள் அலறிய குரலில்தான் அடையாளம் கண்டான்.

"அக்கா, வந்துட்டியா? நீ சொன்ன மாதிரியே செஞ்சேன்க்கா. கண்ண இறுக்கி மூடிட்டுக் கிளி சொன்னபடி இறங்குனேன்."

அவன் தலையை மடியில் எடுத்து வைத்தாள்.

"எதுக்க வந்தவன் ஏறவே இல்லக்கா. எவன்னு தெரியல." அவன் விரல்கள் அவள் சட்டையைப் பற்றி இழுத்தன. "பொழச்சிருந்தான்னா விடாத. கொன்னு போடு."

"விடமாட்டேன்டா" என்றாள் ருக்மணி. அவன் பிடி தளர்ந்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.