அமலியின் கைகள் ஊரிலேயே இருந்தன

மனைவி அமலியின் கால் நகங்களை வெட்டி முடித்த இருதயராஜ், அவள் குதிங்காலைத் திருப்பிப் பார்த்தான்.

"வெடிப்பா இருக்கே. வாரவ என்ன நினைப்பா?"

"மூணு வாரந்தான, பொறுத்துக்கிடட்டும். அவ காலு எப்படி இருக்கோ, யாருக்குத் தெரியும்" என்றாள் அமலி.

விருந்தாளிக்கு வீட்டைக் கொடுப்பதற்கு முன் ஒட்டடை அடிப்பதுபோல, உடம்பைக் கொடுப்பதற்கு முன்னும் சில மரியாதைகள் இருந்தன. கூடுமாற்றி என்ற கருவி வந்த பிறகு விமானங்களில் சரக்கு மட்டுமே போயிற்று. ஜப்பானைப் பார்க்க ஆசைப்படும் ஒருத்தி தூத்துக்குடி நிலையத்தில் படுத்துக்கொள்வாள். தூத்துக்குடியைப் பார்க்க ஆசைப்படும் ஒருத்தி ஜப்பானில் படுத்துக்கொள்வாள். கண் விழிக்கும்போது இவள் அவளுடைய உடம்பிலும், அவள் இவளுடைய உடம்பிலும் இருப்பார்கள். சித்தர்கள் கூடு விட்டுக் கூடு பாய்ந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த ஊர், அதற்குச் சுலபமாகப் 'பாய்ச்சல்' என்று பேர் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

அமலி ஊர் சுற்றிப் பார்க்கப் பாயவில்லை. ஜூடோவில் கறுப்புப் பட்டை வாங்கினால்தான் துறைமுகப் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு அவள் ஆசிரியையாக முடியும். இரண்டு முறை தேர்வில் தோற்றிருந்தாள். பிடி சரியாக இருக்கும், திரும்பும் வேகமும் சரியாக இருக்கும். எதிராளி தோளுக்கு மேலே வந்த பிறகு, 'ஐயோ, அடிபட்டுருமே' என்று ஒரு எண்ணம் வரும். கை தளர்ந்துவிடும்.

"நீங்கள் எறியவில்லை, இறக்கி வைக்கிறீர்கள்" என்றார் தேர்வாளர், இரண்டு முறையும்.

அது இருதயராஜுக்கு முன்பே தெரியும். வீட்டில் அவள் தூக்கிப் போட்டுப் பழகியது அவனைத்தான். அவள் போட்டால் பஞ்சு மூட்டையில் விழுந்த மாதிரி இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், விழுந்தவன் எழுந்திருக்காமல் அப்படியே தூங்கிப்போனான்.

அதனால்தான் நாகசாகி. அங்கே ஒரு பயிற்சிக்கூடம் வெளிநாட்டுக்காரர்களை மூன்று வாரம் சேர்த்துக்கொண்டது. நிலையத்தில் அவளுக்கு மாற்றிக்கொள்ள அங்கே ஒரு உடம்பும் பார்த்துவிட்டார்கள்.

"போலீஸ்காரியாம். நல்ல தோளு" என்று படத்தைக் காட்டினாள் அமலி. "அவளுக்கு இங்க வேலை ஒண்ணும் கிடையாது. மூணு வாரமும் கடற்கரையில படுத்துத் தூங்கணுமாம்."

நகவெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த இருதயராஜின் கை நின்றது.

"அப்ப உன் தோளும் மூணு வாரம் தூங்கும்."

"தூங்கட்டுமே."

"ஏட்டி, யோசிச்சுப் பாரு. எறியிறது எந்தக் கை? அங்க இருக்கிற கை. திரும்பி வரும்போது அதை எடுத்துட்டா வருவ?"

அமலி அவனைப் பார்த்தாள். பிறகு சுவரில் தொங்கிய கித்தாரைப் பார்த்தாள்.

போன வருடம் இருதயராஜ் லிஸ்பனுக்குப் பாய்ந்திருந்தான், கித்தார் கற்றுக்கொள்ள. அங்கே நூனோ என்பவனுடைய விரல்கள் இரண்டாம் நாளே தாமாக வாசித்தன. ஊர் திரும்பி ஆசையாக ஒரு கித்தார் வாங்கினான். விரல்கள் மரக்கட்டையாக நின்றன. நிலையத்தில் கேட்டதற்கு, "ஊறல் காலம் சார், கத்துக்கிட்டது உடம்புல ஊறணும், கொஞ்சம் பொறுங்க" என்றார்கள். ஆனால் கடலோரத்தில் பிறந்தும் கணுக்கால் தண்ணீரைத் தாண்டாத இருதயராஜை ஒருநாள் உடன் வேலை செய்பவர்கள் விளையாட்டாகத் தோணியிலிருந்து தள்ளிவிட்டபோது, அவன் நீந்திக் கரைக்கு வந்தான். தள்ளியவர்களைவிட அவன்தான் அதிகம் பயந்துபோனான். அவன் லிஸ்பனில் இருந்த நாளெல்லாம் நூனோ இங்கே காலையும் மாலையும் கடலில் கிடந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

பார்த்ததும் கேட்டதும் ஆளோடு பாய்கின்றன. பழகியது உடம்போடு தங்கிவிடுகிறது. உலகமே வேடிக்கை பார்க்கப் போய்க்கொண்டிருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அப்ப நான் போய்ப் பிரயோசனமே இல்லங்கீங்களா?" அமலியின் குரல் இறங்கிவிட்டது.

"நீ போகணும். ஆனா போறது முக்கியமில்ல, வாரவ யாருங்கதுதான் முக்கியம். போலீஸ்காரி வேண்டாம். அந்தக் கூடத்து வாத்தியாரம்மாவே வரட்டும். மூணு வாரம் உன் கையையும் காலையும் அவங்களே பழக்கட்டும்."

"நான்?"

"நீ அங்க அவங்க உடம்புல சும்மா இரு."

அமலி போலீஸ்காரியின் படத்தை மூடி வைத்தாள். "அந்தக் கூடத்துல நான் நிக்கணும்னு ஆசையா இருந்துச்சு" என்றாள்.

"நில்லு. நின்னு நாலு பேரை எறிஞ்சு பாரு. எறியத் தெரிஞ்ச உடம்புல இருந்தா எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கிடலாம்லா."

ஹயாசே என்ற அந்த ஆசிரியைக்கு அமலியின் வயதுதான் இருக்கும். திரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மொழிமாற்றி அவர் பேச்சைப் பாடப்புத்தகத் தமிழில் கொடுத்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்கள் ஊரில் என்னைக் கண்டால் மனிதர்கள் பயந்து ஒதுங்கித் தலைவணங்குவார்களா?"

"அம்மா, எங்க ஊர்ல ஆம்புலன்சுக்கே யோசிச்சுத்தான் ஒதுங்குவாங்க" என்றான் இருதயராஜ்.

"அப்படியானால் வருகிறேன்" என்றார் ஹயாசே.

நிலையத்தில் படுத்தது அமலி. எழுந்து உட்கார்ந்து இருதயராஜுக்கு வணக்கம் சொன்னது வேறொருத்தி. அதே மூக்கு, அதே மச்சம். ஆனால் நடை நேராக இருந்தது. விருந்தாளிக்கு உள்ளறையை விட்டுவிட்டு அவன் கூடத்தில் படுத்தான். விடிவதற்கு முன்பே மொட்டைமாடியில் தொம் தொம் என்று சத்தம் கேட்கும். மணல் மூட்டையை அமலியின் கைகள் தூக்கி எறிந்துகொண்டிருக்கும். பகலில் அந்தக் கைகளே பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் தோய்க்கும். சந்தையில் யாராவது இடித்துவிட்டுப் போனால், ஹயாசே திரும்பி நின்று சந்தோஷமாகச் சிரிப்பார்.

மாலையில் திரையில் அமலி வருவாள், ஹயாசேயின் முகத்தோடு. அந்த முகத்தைப் பார்த்துச் "சாப்பிட்டியா" என்று கேட்க இருதயராஜுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு பேசினான்.

"முதல் நாள் ஒருத்தனை எறிஞ்சேன் பாருங்க, நானே பயந்துட்டேன். கை தன்னால போகுது" என்றாள் அவள். "ஆனா இப்ப பழகிட்டேன். மெல்லமாப் போடுதேன். பாவம், சின்னப் பிள்ளைக."

மூன்று வாரம் முடிந்து அமலி வந்துசேர்ந்தாள். நிலையத்து வாசலிலேயே குனிந்து குதிங்காலைப் பார்த்தாள். வெடிப்பு ஆறியிருந்தது. "எண்ணெய் போட்டிருக்காக" என்றாள்.

தேர்வில் எதிராளி தோளுக்கு மேலே வந்தபோது, 'ஐயோ, அடிபட்டுருமே' என்ற எண்ணம் எப்போதும்போல வந்தது. ஆனால் எண்ணம் வந்துசேருவதற்குள் கை வேலையை முடித்துவிட்டது. தேர்வாளர் இந்த முறை கையெழுத்துப் போட்டார். வாசலில் நின்ற இருதயராஜ், இடுப்பில் கறுப்புப் பட்டையோடு வந்தவளைப் பார்த்து, முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அன்று மாலை அமலி அடுப்படியில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். இருதயராஜ் பின்னால் வந்து, வழக்கம்போல அவள் தோளில் கை வைத்தான்.

அடுத்ததாக அவன் பார்த்தது மின்விசிறியை. முதுகு முழுக்கத் தரையில் இருந்தது. அவள் கையில் கரண்டி அப்படியே இருந்தது.

"ஐயோ, அடிபட்டுச்சா?"

"பட்டுச்சு" என்றான் அவன், கொஞ்சம் ஆச்சரியத்தோடு. "கல்யாணம் ஆனதுல இருந்து முதல் தடவையா."

அமலி அடுப்பை அணைத்துவிட்டு அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். தன் கைகளை மடியில் போட்டு, யாருடையவோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது திரை மினுக்கியது. ஹயாசே.

"தேர்வுச் செய்தி அறிந்தேன். வாழ்த்துகள்" என்றது மொழிமாற்றி. "ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என்னால் இப்போது யாரையும் பலமாக எறிய முடியவில்லை. தோளுக்கு மேலே வந்ததும் கை தளர்கிறது. இறக்கி வைத்துவிடுகிறேன். மேலிடத்தில் அதிருப்தி இருக்கிறது." அவர் சற்று நிறுத்தினார். "ஆனால் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். இன்னொரு முறை, இன்னொரு முறை என்று கேட்கிறார்கள். முன்பு என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. இந்தப் பழக்கத்தை நான் எப்போது திருப்பித் தர வேண்டும்?"

திங்கட்கிழமை அமலியின் வகுப்பில் நிற்கப்போகும் பெண்பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக அவள் கண்ணுக்கு முன்னால் பொத்தென்று தரையில் விழுந்தார்கள்.

"நீங்களே வச்சிக்கிடுங்கம்மா" என்றான் இருதயராஜ் தரையிலிருந்து. "இங்க வேற செஞ்சிக்கிடுதோம்."

திரை அணைந்தது. "எப்படி?" என்று கேட்டாள் அமலி.

"அவங்க உடம்புக்கு மூணு வாரத்துல யாரு பழக்கிவிட்டா? நீதான. அதே ஆளு இந்த உடம்புக்குள்ள வந்தாச்சுல்லா." அவன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே எழுந்தான். "பழக்கு."

"திரும்பவும் கை தளர்ந்துட்டா? பட்டையில அடுத்த படிக்குத் தேர்வு இருக்கே?"

"அதை அப்பப் பாப்போம்."

அவன் உள்ளே போய் மெத்தையை உருட்டிக்கொண்டு வந்து கூடத்தில் விரித்தான். அதன்மேல் இரண்டு தலையணை போட்டான். யோசித்து, மூன்றாவதையும் போட்டான். பிறகு அவள் எதிரே வந்து நின்று சட்டைக் காலரை அவள் கையில் கொடுத்தான்.

"மெல்ல" என்றான்.

அமலி மூச்சை இழுத்துக்கொண்டு திரும்பினாள். அவன் கால்கள் தரையை விட்டு எழும்பின. மின்விசிறி, சன்னல், கித்தார் எல்லாம் தலைகீழாகச் சுழன்றன. தன் மனைவி முழுசாக வந்துசேர்ந்துவிட்டாளா என்று தெரிந்துகொள்ள, மெத்தைக்கு மேலே, அந்தரத்தில், இருதயராஜ் காத்திருந்தான்.