சாவு வீட்டில் சங்கவி சொன்னது

போன் அடித்தது!

ஜெகதாம்பாள் இட்லியை மென்றபடியே எடுத்தாள்.

"ஜெகதா ஃப்ரீசர் பாக்ஸ். யாருங்க போய்ட்டது?"

இந்தக் கேள்விக்கு ஜனங்கள் வழக்கமாக அழுவார்கள். இவன் அழவில்லை.

"எங்க மாமா, சதாசிவம். காலைல ஹார்ட் அட்டாக். மகாபலிபுரம் தாண்டி, கடலோரமா பச்சை கேட் போட்ட வூடு. கூலிங் ஃபுல்லா நிக்கற பெட்டியா கொண்டாங்க."

"வூட்ல எத்தினி பேரு கீறீங்க?"

"நான்தான். அவரு தங்கச்சி புள்ள, பிரவின்குமார்."

செங்கல்பட்டில் அம்மாவும் மகளுமாகச் சேர்ந்து சாவுக்குப் பெட்டி வாடகைக்கு விடுவது இவர்கள் மட்டும்தான். ஜெகதாம்பாள் பேசுவாள். சங்கவி வேன் ஓட்டுவாள், வயர் இழுப்பாள், பேச மாட்டாள்.

தொழிலுக்கு வந்த முதல் நாளே மகளுக்கு அம்மா போட்ட கண்டிஷன் ஒன்று உண்டு. சாவு வீட்டில் 'போய்ட்டு வரேன்' என்று சொல்லவே கூடாது. மறுபடி வருவேன் என்றால் அந்த வீட்டில் இன்னொரு பிணம் என்று அர்த்தம். வாயை மூடிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும்.

சங்கவிக்கு அது சுலபமாக இருந்தது.

பச்சை கேட்டுக்குள் நல்ல கூட்டம். மாலையோடு வந்திருந்தவர்களில் ஒருத்தர் கண்ணிலும் ஈரமில்லை. படூரில் ஒரே மனையை ஆறு பேருக்கு விற்றவர் சதாசிவம். செத்தது நிஜம்தானா என்று பார்க்க ஆறு பேரும் வந்துவிட்டார்கள்.

"பெட்டில வெச்சப்பறம் எல்லாரும் பாக்கலாம்," என்று பிரவின்குமார் அவர்களை வாசலிலேயே நிறுத்தினான்.

ஹாலில் பெட்டியை இறக்கி, உடலைக் கிடத்தி, கண்ணாடியை மூடினார்கள். வயரைச் சரி பார்க்க ஜெகதாம்பாள் வெளியே போனாள். சங்கவி ஸ்விட்சைப் போட்டாள்.

பெட்டி உறுமியது.

சதாசிவத்தின் மூக்குக்கு நேராகக் கண்ணாடியில் ஆவி படர்ந்தது... மறைந்தது... மறுபடி படர்ந்தது!

சங்கவி கண்ணாடிக்குக் கிட்டே குனிந்தாள்.

"இன்னா பாக்கற?" என்றான் பிரவின்குமார்.

"சார்... மூச்சு..."

"கண்ணாயிரம்."

மூலையில் நின்றிருந்த தடியன் சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டினான். கத்தி!

"வாயத் தொறந்தின்னா மொதல்ல உங்கம்மா. அப்பறம் நீ. வெளிய போயி, வண்டில ஏறி, கெளம்பு," என்றான் பிரவின்குமார்.

சங்கவி நடந்தாள். கண்ணாயிரம் முதுகை ஒட்டியே வந்தான். கத்தினால் அம்மா போவாள். கத்தாவிட்டால் பெட்டிக்குள் அந்த மனுஷன் விறைத்துப் போவார்.

வாசலில் அம்மா வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

சங்கவி திரும்பினாள். கூட்டம் மொத்தமும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அப்ப நாங்க போய்ட்டு வரோம், சார்!"

கூட்டம் திடுக்கிட்டது. ஒரு கிழவர் 'சிவ சிவா' என்றார்.

ஜெகதாம்பாளுக்கு மகளை நாலு அறை அறையலாம் போல ஆத்திரம் வந்தது. கையை ஓங்கவும் செய்தாள். அப்புறம்தான் மகள் முகத்தைப் பார்த்தாள்.

இவள் இப்படிச் சொல்கிற ஜென்மம் இல்லையே...

சாவு வீட்டில்தானே சொல்லக்கூடாது? அப்படியென்றால் உள்ளே...

ஓங்கிய கையாலேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயையோ! பெட்டில கேஸ் லீக்கு! யாரும் உள்ள போவாதீங்க, மயங்கி வுழுந்துடுவீங்க!"

"லீக்கெல்லாம் ஒண்ணுமில்ல!" என்று பிரவின்குமார் ஓடி வந்தான்.

"உனுக்குத் தெரியுமா, எனுக்குத் தெரியுமா? இன்னா பாத்துகினு நிக்கறீங்க? மூக்க மூடிகினு ஆளுக்கு ஒரு கை புடிங்க! பெட்டியோட வண்டில ஏத்துங்க!"

மனை வாங்கிய ஆறு பேருமே தூக்கினார்கள். அத்தனை பேர் முன்னால் பிரவின்குமாரால் தடுக்க முடியவில்லை. கண்ணாயிரம் வேனில் கால் வைத்தான்.

"ஏறு அண்ணாத்த, தாராளமா ஏறு. நெஞ்சு அடைச்சா நான் பொறுப்பு இல்ல."

கண்ணாயிரம் காலை எடுத்துவிட்டான்.

"நேரா செங்கல்பட்டு கேஸ் தகன மேடைக்கு வுடு," என்றான் பிரவின்குமார். "டோக்கன் போட்டாச்சு. நாங்க கார்ல பின்னாலயே வரோம்."

வேன் திருக்கழுக்குன்றம் ரோட்டில் பறந்தது. ஜெகதாம்பாள் பெட்டியின் கண்ணாடியைத் தள்ளி, கிடந்தவர் கன்னத்தைத் தட்டினாள்.

"மா... உயிர் கீதா?"

"நீ ரோட்டப் பாரு."

சதாசிவம் கண் திறந்தார். பற்கள் கிடுகிடுக்க எழுந்து உட்கார்ந்தார்.

"அறிவு கீதாம்மா உனுக்கு? யாரு என்ன எழுப்பச் சொன்னது?"

"இன்னாது?" என்றாள் ஜெகதாம்பாள்.

"நானாதான் மாத்திரை போட்டுகினு படுத்தேன்! மனை வாங்கின அந்த ஆறு பேரும் நான் செத்துட்டேன்னு நம்பணும். அதுக்குத்தான் இத்தினி ஏற்பாடும். எல்லாம் போச்சு!"

"பெட்டில படுக்கறதும் ஏற்பாடா?"

"சும்மா காட்டறதுக்கு. ஸ்விட்ச் போட மாட்டேன்னானே பிரவின்!"

"கூலிங் ஃபுல்லா நிக்கணும்னு போன்ல கேட்டாரே."

சதாசிவம் விறைத்த விரல்களைத் தேய்த்துக்கொண்டார்.

"அப்பறம் இன்னா ஏற்பாடு?" என்றாள் ஜெகதாம்பாள்.

"பாடிய சொந்த ஊருக்கு, படாளத்துக்கு எடுத்துனு போறேன்னு சொல்லி, வழில என்ன எறக்கி வுட்டுடுவான். என் சொத்தெல்லாம் இப்ப அவன் பேர்லதான் கீது. அவன் நல்ல புள்ளம்மா."

"நல்ல புள்ள கேஸ் மேடைக்கு டோக்கன் போட்டுட்டு, உன்ன ஏத்தினு போவச் சொல்லிகீறாரு."

சதாசிவம் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தார். மருமகனின் கார் விடாமல் வந்துகொண்டிருந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"தூக்கி வளத்தேன்மா அவன..."

"அழுது முடிச்சுட்டு சொல்லு. முன்னாடி போலீஸ் ஸ்டேஷன் வருது. உள்ள போனா மனை கேஸ்ல உன்னப் புடிச்சு வெப்பாங்க. போவலன்னா அடுத்தது தகன மேடைதான்."

"ஸ்டேஷனுக்கே வுடும்மா. ஜெயில்ல சோறாவது போடுவாங்க."

சங்கவி வண்டியை ஒடித்து ஸ்டேஷன் வாசலில் நிறுத்தினாள். பின்னால் வந்த கார் கிறீச்சிட்டு, திரும்பி ஓட முயன்று, வழியடைத்து நின்ற பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது.

இன்ஸ்பெக்டர் துரை வெளியே வந்தார். பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"இன்னாம்மா இது?"

"ரொம்பக் குளுரா கீது சார், இந்தப் பெட்டி!" என்று முந்திக்கொண்டார் சதாசிவம். "இத வாடகைக்கு வேற வுடறாங்க!"

ஜெகதாம்பாள் பெருமூச்சு விட்டாள்.

"இத்தினி வருஷத்துல எழுந்து உக்காந்து கொறை சொன்ன மொத கஸ்டமர் இவருதான், சார்."