ஒன்பதாம் வரி

மாலை 3.10.

துறைமுகக் காவல் நிலையத்தின் மேசைமேல் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வந்து உட்கார்ந்தது. நீல வார். இடது குதிகால் மட்டும் தேய்ந்திருந்தது.

கொண்டுவந்தவள் படகுத்துறையைப் பெருக்குபவள்.

"பவளப்பாறை பாக்கப் போன படகு ஒரு மணிக்கே வந்துடுச்சும்மா. எல்லாரும் செருப்ப மாட்டிக்கிட்டுப் போயாச்சு. இது மட்டும் கிடக்கு."

"மறந்துட்டுப் போயிருப்பாங்க," என்றார் பெண் இன்ஸ்பெக்டர்.

"இந்த வெயில்ல வெறுங்காலோட பத்தடி நடந்து பாருங்க, தெரியும். இவரு மறக்கிற ஆளும் இல்ல. அஞ்சு நாளா தினமும் வர்றாரு. மத்தவங்க கூடையில கழட்டி வீசிட்டுப் போவாங்க. இவரு மட்டும் தூண் ஓரமா, தனியா, நேரா வெச்சுட்டுப் போவாரு."

"பேரு?"

"யாருக்குத் தெரியும்? வாயத் தொறந்தாத்தானே!"

இன்ஸ்பெக்டர் இந்த ஊருக்கு மாற்றலாகி எட்டு மாதம். குவார்ட்டர்ஸில் தனிக்குடித்தனம். காலையில் பூட்டிக்கொண்டு கிளம்பினால் அந்தப் பூட்டைப் பற்றிக் கவலைப்பட ஒரு ஜீவன் கிடையாது. இதையெல்லாம் அவர் யாரிடமும் சொல்வதில்லை. செருப்பை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு கான்ஸ்டபிளோடு கிளம்பினார்.

3.25.

படகு துறையில் கட்டிக் கிடந்தது. சொந்தக்காரரே ஓட்டுநர். கஞ்சி போட்ட சட்டை, நிதானமான முகம். பின்பக்கம் நீச்சல் கண்ணாடிகளை அலசிக்கொண்டிருந்தவன் அவருடைய மனைவியின் தம்பி. பயணிகளோடு நீரில் இறங்கி வழிகாட்டுவது அவன் வேலை. போலீஸைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த கண்ணாடி நழுவி வாளிக்குள் விழுந்தது.

"இன்னைக்கு எத்தனை பேரு?"

"பன்னெண்டு மேடம்," என்றான் வழிகாட்டி.

"திரும்பினது?"

"பன்னெண்டு."

"தலைய எண்ணினியா?"

அவன் எச்சில் விழுங்கினான். "சீட்டு இருக்கு மேடம்."

கிளிப் வைத்த அட்டையில் ஒரு தாள். அதோடு நூலில் கட்டிய பென்சில். நீரில் இறங்குமுன் ஒவ்வொருவரும் தன் எண்ணுக்கு நேரே இடப்பக்கம் ஒரு டிக் போட வேண்டும். திரும்பி ஏறியதும் வலப்பக்கம் ஒன்று.

"துண்டை அப்புறம்தான் குடுப்போம் மேடம். முதல்ல டிக், அப்புறம் துண்டு. இல்லேன்னா எல்லாரும் மறந்துடறாங்க."

"தினமும் தூண் ஓரமா செருப்பு வெக்கிறவரு எந்த நம்பர்? அவர் ஏறினதை நீ பாத்தியா?"

"ஒன்பது மேடம். நான் கடைசியா ஏறினேன். எல்லாரும் போட்டாச்சான்னு மாமாவைக் கேட்டேன். போட்டாச்சுன்னார்." அவன் நெற்றியில் வியர்வை பொடித்தது. கான்ஸ்டபிள் அவனையே முறைத்துக்கொண்டிருந்தார். திருட்டு முழி என்றால் இதுதான் என்று அவருக்குத் தீர்மானமாகிவிட்டது.

ஓட்டுநர் தாளை வாங்கி, தானே விரல் வைத்துக் காட்டினார். "பாருங்கம்மா, ஒன்பதாவது வரி. சொட்டச் சொட்ட ஏறி வந்து என் கண்ணு முன்னாடிதான் போட்டார். இருக்கறதுலயே அதுதான் பளிச்சுன்னு இருக்கு."

உண்மைதான். பளிச்சென்றுதான் இருந்தது.

3.50.

அந்த மனிதர் தங்கியிருந்த விடுதியை வழிகாட்டியிடம் கேட்டு, கான்ஸ்டபிள் போய் வந்தார். "சாவி திரும்பி வரல மேடம். ரூம்ல ஒரு தட்டு, ஒரு கப்பு, கழுவிக் கவுத்து வெச்சிருக்கு. வரவேற்புல இருக்கிறவருக்கு ஆளோட முகமே ஞாபகமில்லையாம்! படகுலதான் திரும்பிட்டாரே, ஊருக்குள்ளதான் எங்கயாவது இருப்பாரு. ஆளுங்களை பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பட்டுமா?"

இன்ஸ்பெக்டர் சூரியனைப் பார்த்தார். ஆறே காலுக்கு அஸ்தமனம். பவளப்பாறை முக்கால் மணிநேரத் தூரம். அந்த மனிதர் கரையேறியிருந்தால் ஊருக்குள் மெதுவாகத் தேடலாம். ஏறவில்லை என்றால் அவருக்கு மிச்சம் இருப்பது இந்த வெளிச்சம் மட்டும்தான். இரண்டில் எது என்று இந்த ஒரு தாள்தான் சொல்ல வேண்டும்.

தாளை வெயிலில் சாய்த்துப் பிடித்தார். வலப்பக்கம் முழுக்க ஈரம் உலர்ந்த சுருக்கம். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வயர்லெஸ்ஸை எடுத்தார்.

"மீட்புப் படகு ரெண்டும் பவளப்பாறைக்கு. இப்பவே கிளம்பட்டும்!"

"மேடம்?" என்றார் கான்ஸ்டபிள்.

"அந்த வாளியைக் கொண்டாங்க."

விரல்களை நனைத்து, தன் நோட்டுப் புத்தகத்தின் ஒரு தாளைப் பிடித்தார். தாள் நனைந்தது. பென்சிலால் ஒரு டிக் போட்டார். கறுப்பே விழவில்லை. மங்கிய சாம்பல் கோடும், அதன் கீழே பள்ளமும்தான்.

"சொட்டச் சொட்ட வந்து போட்டா இப்படித்தான் விழும். இடப்பக்கம் பாருங்க. இறங்கறதுக்கு முன்னாடி போட்டது, பன்னெண்டும் கறுப்பு. வலப்பக்கம் பதினொண்ணு மங்கல், பள்ளம். ஒன்பதாவது மட்டும் கறுகறுன்னு, சுருக்கத்து மேடுமேல ஏறி இறங்குது. தாள் நனைஞ்சு, காஞ்சு, அதுக்கப்புறம் காஞ்ச கையால போட்டது."

கான்ஸ்டபிள் வழிகாட்டியின் தோளில் கை வைத்தார்.

"அவனை விடுங்க. அவன் பயந்தவன், பொய் சொல்லல. தலைய எண்ணாம சீட்டை நம்பினான், அது அவன் தப்பு. கண்ணு முன்னாடி சொட்டச் சொட்ட வந்து போட்டார்னு சொன்னது யாரு?" ஓட்டுநர் பக்கம் திரும்பினார். "நீங்கதான் போட்டீங்க."

"மாமா?" என்றான் வழிகாட்டி.

ஓட்டுநர் கஞ்சிச் சட்டையோடு பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"சீட்டைப் பாக்காமலே போட்டாச்சுன்னுட்டேன். பாதி வழி வந்தப்பதான் கட்டம் காலியா இருக்கிறதைப் பாத்தேன். அவரு எப்பவும் யாரோடயும் சேராம முன்பக்கம் ஒதுங்கிப் படுத்திருப்பாரு. இன்னைக்கும் அப்படித்தான்னு நெனச்சேன்மா. டிக் போட மறந்துட்டாருன்னு..."

"எழுந்து நாலடி நடந்து பாக்கல."

"பாக்கல."

"சரி, அது அலட்சியம். கரையில அந்தச் செருப்பைப் பாத்தப்ப?"

ஓட்டுநரின் பார்வை தூண் பக்கம் போனது.

"உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்பவும் வாயத் தொறக்கல. இது அலட்சியம் இல்ல. மூணு மணிநேரமா ஒரு ஆளை உயிரோட புதைச்சிருக்கீங்க." இன்ஸ்பெக்டருக்குக் கோபத்தில் குரல் நடுங்கியது. அதை அவர் மறைக்கவும் இல்லை. "ஏறுங்க. நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும்."

5.40.

பாறைக்குத் தெற்கே, ஆழம் காட்டும் மிதவைச் சங்கிலியில் ஆரஞ்சு நிறமாக ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. சொந்தமாக வாங்கிய லைஃப் ஜாக்கெட்தான் அவரை மிதக்கவைத்திருந்தது. உதடு வெடித்து, தோள் வெந்து, உயிர் இருந்தது.

படகில் தூக்கிப் போட்டதும் ஒரு பாட்டில் தண்ணீரை முழுக்கக் குடித்தார். பிறகு கேட்டார்: "எனக்காகவா வந்தீங்க?"

"ஆமா."

"யாரு சொன்னாங்க? எனக்கு இங்க யாரையும் தெரியாதே."

"துறையில பெருக்கற அம்மா."

அவருக்கு அந்த அம்மாவின் முகம் ஞாபகம் வரவில்லை. முயன்று பார்த்தார். வரவேயில்லை. அப்போதுதான் அழ ஆரம்பித்தார்.

6.30.

துறையில் அவள் காத்திருந்தாள். செருப்பைத் தூண் ஓரமாக, தனியாக, நேராக வைத்திருந்தாள். அவர் குனிந்து கும்பிடப் போக, "ஐய, முதல்ல மாட்டுங்க. கால் சுடும்," என்றாள். வெயில் எப்போதோ இறங்கியிருந்தது.

மறுநாள் காலை 7.15.

இன்ஸ்பெக்டர் குவார்ட்டர்ஸைப் பூட்டினார். நேரே நிலையத்துக்குப் போகிறவர், அன்று படகுத்துறைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார். துடைப்பத்தோடு நின்றவளிடம் சொல்ல அவருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"ட்யூட்டிக்குப் போறேன். சாயந்திரம் ஆறு மணிக்கு வந்துடுவேன்."

"சரிம்மா," என்றாள் அவள். "பாத்துக்கறேன்."