செவிலி தேடிய வீடு

மௌனத்தைப் பதிவு செய்தபோதுதான் முதன்முதலில் அந்தச் சத்தம் கேட்டது.

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவ்வப்போது வெறும் மௌனத்தையும் கொஞ்சம் பதிவு செய்துகொள்வார்கள். பிறகு வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளில் போட அது வேண்டும். ஒலிநூலுக்காக ஒரு நாவலைப் படித்துக்கொண்டிருந்த அவள், புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, வயிறு கடமுடவென்று கத்தி மானத்தை வாங்கிவிடக் கூடாதே என்று மூச்சை மெல்ல விட்டபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் கையைத் தூக்கி, போதும் என்றார். பதிவானதைப் போட்டுக் கேட்டவர் நெற்றியைச் சுருக்கினார்.

"ஏம்மா, நடுவுல பக்கம் புரட்டினியா?"

"புத்தகம் மூடித்தானே இருந்துச்சு, அண்ணே?"

அவர் மறுபடி போட்டார். இப்போது ஹெட்போனில் அவளுக்கும் கேட்டது. காகிதத்தைக் காகிதம் உரசும் சத்தம். ஒரு பக்கம் புரண்டு, படிந்து, விரலால் நிதானமாக நீவிவிடப்படும் சத்தம்.

"எலியா இருக்கும். எலியும் படிக்க ஆரம்பிச்சா நம்ம பொழப்பு போச்சு" என்றார்.

அவள் சிரித்து வைத்தாள். சிரிக்காமல் வேறென்ன செய்வது?

புத்தகம் என்னவோ அவள் ஆசைப்பட்டு ஒப்புக்கொண்டதுதான். பல வருடம் ஓடி ஓய்ந்த ஒரு விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் மிச்சக் கதையைச் சொல்லும் நாவல். அந்தத் தொடரில் செவிலிக்குத் தமிழ்க் குரல் கொடுத்தவள் அவள்தான். கப்பலில் நூறு வருடமாக உறங்கும் பிள்ளைகளைக் காப்பவள் செவிலி. அவளுக்கு முகம் கிடையாது, உடம்பு கிடையாது, குரல் மட்டும்தான். ஆகவே செவிலி என்றால் நான்தான் என்று இவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கடைசிப் பகுதியில் பிள்ளைகள் விழித்தெழுந்து புது உலகில் இறங்கிப் போனார்கள், ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்காமல். அன்று மைக் முன்னால் இவள் நிஜமாகவே தேம்பி அழுதாள். அந்தக் காலிக் கப்பலில்தான் நாவல் தொடங்கியது.

"சரி, அடுத்த அத்தியாயம் போகலாமா?"

அவள் படித்தாள். செவிலி படுக்கை படுக்கையாகப் போய்ப் பெயர் சொல்லி அழைத்தாள். பதில் இல்லை. கப்பலின் கம்பிகள் வழியே, அலைகள் வழியே, இருட்டு வழியே கசிந்து வெளியே வந்தாள். 'எனக்கு ஒரே ஒரு பிள்ளை போதும்' என்றாள். அந்த வரியைப் படிக்கையில் இவளுக்குத் தொண்டை கரகரத்தது. பாவம், பெற்றவளுக்கு மட்டும்தான் பிள்ளை ஏக்கமா என்று நினைத்துக்கொண்டாள். தண்ணீர் குடித்தும் கரகரப்பு போகவில்லை.

அறையில் பழைய பஞ்சின் வாடை. சுவரெல்லாம் ஒலி உறிஞ்சும் கறுப்பு மெத்தை, வெளியே மழையா வெயிலா என்றுகூடத் தெரியாத அடைப்பு. தலைக்கு மேல் ஒற்றை விளக்கு, அதன் வட்டத்துக்குள் புத்தகம், அதன் மேல் அவள் கை. ஹெட்போனில் அவள் குரலே அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது, எப்போதும் போல. ஆனால் இன்று அது முந்திக்கொண்டு வந்தது. அவள் வாய் திறக்கும் முன்பே காதில் சொல் விழுந்துவிட்டது.

நிறுத்தினாள்.

குரல் நிற்கவில்லை.

'மாடிப்படியின் கைப்பிடி ஆடியது' என்றது அவள் குரல். 'மூன்றாவது மாடி. பச்சைக் கதவு. கதவில் வரிசையாக ஒட்டிய நட்சத்திரங்களில் ஒன்று பாதி கிழிந்திருந்தது.'

அவள் பக்கத்தைப் பார்த்தாள். அப்படி ஒரு வரியே இல்லை. அது அவள் வீட்டுக் கதவு. நட்சத்திரம் ஒட்டியது அவள் மகள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் குனிந்த தலை நிமிராமல் விரலை உயர்த்தி ஆட்டினார்.

"பிரமாதம்மா. அப்படியே போ, நிறுத்தாதே."

அவள் வாய் மூடியிருந்தது.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். வெளியே ஓடி வந்து சொன்னபோது அவர் கொட்டாவி விட்டார்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ராப்பகலா படிச்சா இப்படித்தான். நீ சும்மா இருந்தா அப்புறம் இவ்வளவு நேரம் யாரும்மா படிச்சது?"

கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவருக்கே உறைத்தது. அவர் கை தானாகவே இயந்திரத்தை அணைத்தது.

அவள் வீட்டுக்கு போன் செய்தாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. வீட்டில் அவளும் மகளும் மட்டும்தான். பள்ளி விட்டு வந்ததும் வாண்டு தனியாகத்தான் இருப்பாள். யார் தட்டினாலும் திறக்கக் கூடாது, அம்மாவே வந்தாலும் செவிலி குரலில் கூப்பிட்டால்தான் திறக்க வேண்டும் என்று இருவருக்கும் ஒப்பந்தம். "அந்தக் குரல்ல உன்னாலதான் பேச முடியும்மா, வேற யாராலயும் முடியாது" என்று வாண்டுதான் அந்த யோசனையையே சொன்னது. அதை நினைத்து அன்று எவ்வளவு பூரித்துப்போனாள்! இப்போது பையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

எப்படி வந்து சேர்ந்தாள் என்று தெரியாது. தெருவிளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. மாடிப்படியில் யாரோ சற்று முன் ஏறிப் போனது போலப் பழைய பஞ்சின் வாடை. முதல் மாடி. இரண்டாவது. கைப்பிடி ஆடியது.

பச்சைக் கதவு. மூடித்தான் இருந்தது. அப்பாடா.

தட்டினாள்.

"யாரு?" உள்ளே வெகு தொலைவிலிருந்து, தூக்கக் கலக்கத்தில், மகளின் குரல்.

செவிலி குரலில் கூப்பிட வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமி, எச்சிலை விழுங்கி, மறுபடி முயன்றாள். இருபது வருடம் சோறு போட்ட குரல், கூப்பிட்ட நேரமெல்லாம் ஓடி வந்த குரல். வரவில்லை. வந்தது யாரோ ஒரு கிழவியின் கரகரப்பு.

"அம்மாடா செல்லம். தொற. அம்மா வந்துட்டேன்."



"எங்கம்மா அப்பவே வந்தாச்சு" என்றது குழந்தை. "நீங்க யாரு?"

அவள் கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். கத்தினாள். அவளுக்கே கேட்கவில்லை.

"யாரும்மா அது? பயமா இருக்கு."

"யாருமில்ல, கண்ணு." கதவுக்கு மிக அருகிலிருந்து வந்தது அந்தக் குரல். இவள் வாய் இருந்த அதே உயரத்தில், மரத்தின் மறுபக்கம். அன்பாக. இவள் எத்தனையோ இரவு அந்தப் பிள்ளையைத் தட்டிக் கொடுத்துத் தூங்கவைத்த அதே அன்போடு. "நீ தூங்கு. நான் இருக்கேன்ல."

கதவின் மேல்பக்கம், குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில், தாழ்ப்பாள் மெல்ல நகர்ந்து விழுந்தது.

அவள் தரையில் சரிந்தாள். கதவுக்கடியில் மெல்லிய வெளிச்சம். அதில் இரண்டு பாதங்களின் நிழல். நடந்து பழகாத பாதங்கள், ஒவ்வொன்றாக, தடுமாறித் திரும்பி, படுக்கையறைப் பக்கம் போயின.