எட்டாவது ஈயின் பொட்டலம்

பொட்டலத்துக்குள் கொசு இல்லை. வைகுண்டராஜ் பூதக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மருதாணி ஏறிச் சிவந்த நகத்தின் சில்லு.

சின்னமனூரில் வாடகை வீடு பிடித்து, 1934 ஆடி முழுக்க அவர் மாரடித்தது இந்த ஈக்களோடுதான். ஓடைத் தண்ணீருக்கு மேலே கூட்டமாகச் சுற்றிச் சுற்றி ஆடும் இனம். ஆண் ஈ ஒரு கொசுவைக் கொன்று, தன் முன்னங்காலில் ஊறும் வெள்ளை நூலால் பொட்டலம் கட்டிப் பெண்ணிடம் கொண்டுபோகும். எந்தப் புத்தகத்திலும் ஏறாத இனம். பெயர் சூட்டும் பாக்கியம் தனக்கே என்று மனுஷர் துள்ளினார். ஆனால் மேசைமேல் கிடந்த எட்டும் ஆண். பெண் ஈ ஒன்றாவது இல்லாமல் எழுதி அனுப்பினால் கல்கத்தா மியூசியத்தில் சிரிப்பார்கள்.

ஈ பிடித்துத் தருகிறவன் ஒச்சாண்டி. இவருக்குச் சோறு பொங்கிப்போட்டவள் அவன் பெண்டாட்டி மாயக்காள். பத்து நாளாக அவளைக் காணோம். கேட்டதற்கு, "காமயகவுண்டன்பட்டிக்கு அவ ஆத்தா வீட்டுக்குப் போயிருக்காய்யா" என்றான்.

கடைசியாகச் சோறு பரிமாறியபோது அவள் விரலெல்லாம் மருதாணி. வைகுண்டராஜ் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். அதற்கு முந்தின நாள்தான் ஒச்சாண்டி கேட்டான்: "பொட்டலம் கொண்டு போகாத ஆணு என்னாகும்யா?"

"பொட்டை அவனையே தின்னுப்புடும்" என்று இவர் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. அவன் முழங்கையில் வெள்ளையாக ஏதோ நூல் ஒட்டியிருந்தது. இலவம்பஞ்சு என்றான். ஆடியில் ஏது இலவம்பஞ்சு?

மத்தியானம் வாசலில் வந்து நின்றான். "பொட்டைய ஓடைக்கு மேல அங்கன பாத்தேன்யா. பாட்டில்ல அடங்காது. நீங்கதான் வரணும்."

போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போயிருக்க வேண்டும். பாழாய்ப்போன ஆசை விடவில்லை. பெண் ஈயைப் பார்த்த கையோடு ஸ்டேஷன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி, பேனாக்கத்தியை மடியில் செருகிக்கொண்டு அவன் பின்னால் நடந்தார்.

மேகமலைப் பாதையிலிருந்து விலகி ஓடையோரமாக ஏற ஏற, நனைந்த சருகு வாசனைக்கு அடியில் இன்னொரு வாடை, ஊறப்போட்டு மறந்த ஈரத்துணி போலப் புளித்த வாடை, மூக்கில் ஏறி நாக்கில் இறங்கியது. பறவைச் சத்தம் ஒன்றுகூட இல்லை, தண்ணீர்ச் சத்தம்கூட அடங்கிக்கொண்டே வந்தது. ஈக்கள் ஆடிக்கொண்டிருந்தன. ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றின் காலிலும் வெள்ளைப் பொட்டலம். எல்லாம் ஒரே பக்கமாக, மேலே ஏறின.

நிமிர்ந்து பார்த்தார்.

கிளையில் வெள்ளை மூட்டை. ஆள் நீளம். நுனியில் ஒரு பாதம். விரலில் மெட்டி.

மூட்டைக்கு அந்தப் பக்கம் எதுவோ உறிஞ்சியது. நின்றது. மூட்டை காற்றில் ஆடியது. கனமே இல்லாமல்.

கத்தியை எடுக்கக் கை வரவில்லை. மணிக்கட்டில் பிசுபிசுப்பு. வெள்ளை நூல். ஒரு சுற்று. இரண்டு சுற்று. நூலின் மறுமுனை ஒச்சாண்டியின் முழங்கைக்குள் போயிற்று.

அவன் இவரைப் பார்க்கவே இல்லை. இலைகள் விலகிக்கொண்டிருந்த இடத்தை அண்ணாந்து பார்த்து, பவ்யமாகச் சொன்னான்:

"ஆத்தா, இன்னைக்கும் வெறுங்கையோட வரல."