பத்தாயத்து மூச்சு

செவ்வந்திக்கு மூச்சு வாங்குவது நின்ற பிறகும், மூச்சு வாங்கும் சத்தம் நிற்கவில்லை.

அம்சவல்லி முறத்தைக் கீழே வைத்தாள். முந்தின நாள்தான் மகளைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தார்கள். கொல்லைக்குப் போய்த் திரும்பிய களைப்பில் இளைத்துக்கொண்டிருந்த பிள்ளை இப்போது ஆறிவிட்டது. சுவரில் சாய்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, அரசாங்கம் கொடுத்த டிவியில் பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் தொண்டையில் மெல்லிய சீழ்க்கையோடு ஏறி, பாதியில் தடுக்கி, அவசரமாக மறுபடி ஏறும் அந்த இழுப்பு, ஓட்டின் மேல் விழும் ஐப்பசி மழைக்கு அடியில், அறையின் மூலையிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

அவள் டிவியை நிறுத்தினாள். அந்த இழுப்பும் நின்றது.

"ஏம்மா?" என்றாள் செவ்வந்தி.

"ஒண்ணுமில்லடி. மாத்திரை போடணும்."

மூலையில் நின்றது நெல் கொட்டி வைக்கும் பத்தாயம். ஆளுயரத்துக்கும் மேலே, கறுத்த தேக்குப் பலகையில், ஒரு அறைக்குள் இன்னொரு அறை மாதிரி. கூலிச் சண்டையும் நில உச்சவரம்பும் வந்த பிறகு பண்ணையார் குடும்பம் கீழ்வேளூர்ப் பக்கமே தலைவைக்காமல் சென்னையோடு போய்விட்டது. அவர்கள் வீட்டின் முன்கட்டு இடிந்தது. நெல் அறையாக இருந்த பின்கட்டை, அந்தப் பண்ணையில் நாற்றுப் பறித்தவர்களின் பேரன், டிராக்டர் ஓட்டும் சாமிதுரை, அம்சவல்லியின் புருஷன், சித்திரையில் வாங்கினான். பத்தாயத்தை மட்டும் வாசல் வழியே வெளியே கொண்டுபோக முடியவில்லை. நெல் சரிவதற்காக அதன் அடியில் வைத்திருந்த சதுர வாயின் மூடி எப்போதோ தொலைந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. இருட்டும் பழைய நெல்லின் புழுங்கிய வாசனையும்தான்.

செவ்வந்திக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. அதனால் நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறிப்போயிருந்தது. ஆனாலும் மாத்திரையிலேயே ஓடியாடிக்கொண்டிருந்த பிள்ளைதான். இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் அடிக்கடி உதடு நீலம் பாரித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் இரண்டு நாளில் தேறி, வார்டு முழுக்கச் சுற்றி வருவாள். வீட்டுக்கு வந்தால் மறுபடியும். "மறுபடியும் வந்துட்டியா?" என்று வார்டு ஆயாவே சலித்துக்கொண்டாள்.

குழந்தைகள் டாக்டர் மெஹராஜ் பேகம் கோபப்படவில்லை. அதுதான் அம்சவல்லியை அதிகம் சுட்டது.

"வீட்ல விறகு எரிக்கிறீங்களா?"

"இல்லிங்க, கேஸ்தான்."

"மாத்திரையை ஒரு வேளைகூட விடலையே? உண்மையைச் சொல்லுங்கம்மா."

"என் புள்ள மேல சத்தியமா விடலிங்க."

டாக்டர் நம்பின மாதிரிதான் தலையாட்டினார். ஆனாலும் அந்தக் கேள்வி பஸ்ஸில் அவளோடேயே வந்தது.

மழை விடாமல் பெய்தது. வயலும் வாய்க்காலும் ஒன்றாகி, தண்ணீர் கொல்லைப்படி வரைக்கும் ஏறி நின்றது. ஈர ஓட்டின் வாசனை, சேற்றின் வாசனை, காயாத துணியின் வாசனை. எல்லாவற்றுக்கும் அடியில் அந்தப் புழுங்கிய நெல். சமைக்கும்போது, துவைக்கும்போது, அம்சவல்லி காதை மூலைப் பக்கமே வைத்திருந்தாள். சில சமயம் எதுவும் இருக்காது. சில சமயம் செவ்வந்தி விடும் மூச்சு முடிந்த இடத்தில் அது தொடங்கும். பிள்ளையின் மூச்சு குறையக் குறைய, மூலையின் மூச்சு சீராகிக்கொண்டு வந்தது.

ஒரு மத்தியானம் துணியோடு உள்ளே நுழைந்தவள் நின்றுவிட்டாள்.

செவ்வந்தி தரையில் குப்புறப் படுத்திருந்தாள். முகம் பத்தாயத்தின் வாயோடு வாயாக ஒட்டியிருந்தது. கன்னத்தை உப்பி, மெதுவாக, பொறுமையாக, உள்ளே ஊதிக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே!"

பிள்ளை திரும்பியது. உதடு நாவல்பழ நிறம். நகமும் அப்படித்தான்.

"அவளுக்குக் காத்து இல்லம்மா," என்றாள் திக்கித் திக்கி. "கேட்டா. அதான் குடுக்கறேன்."

அதன்பிறகு கண் செருகியது.

நூத்தியெட்டு வண்டி வெள்ளத்தில் ஊர்ந்து வந்து சேர்ந்தது. திருவாரூர் தாண்டும்வரை அம்சவல்லி மகளின் மூக்கில் மாட்டிய குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தஞ்சாவூரில் மறுபடி அதே வார்டு, அதே ஆயா, அதே கேள்விகள். இரண்டாம் நாள் செவ்வந்தி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள்.

அன்று பக்கத்து வீட்டு அமிர்தம் பார்க்க வந்தாள். கூடையோடு சந்தைக்குச் சந்தை அலையும் கருவாட்டுக்காரி. யார் வீட்டிலும் நின்று பேசுவாள், ஆனால் அம்சவல்லியின் வீட்டுப் படியை ஒருநாளும் மிதித்ததில்லை. வராந்தாவில் வைத்து அம்சவல்லி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அமிர்தம் முந்தானையை முறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு அக்கா ஒருத்தி இருந்தா. பட்டுன்னு பேரு. உன் மவ வயசுதான் இருக்கும். கூலி ஏத்திக் கேட்டு சனமெல்லாம் அறுப்புக்குப் போகாத வருசம். பண்ணையில பத்தாயத்தைக் கூட்டித் தள்ள சின்ன ஆளா வேணும்னு அவளை உள்ள இறக்கி விட்டாங்க. அந்நேரம் பார்த்து, நெல்லுக் கணக்கெடுக்க ஆபீசருங்க வர்றாங்கன்னு சேதி. வெளியூராளை வச்சு அறுத்துக் களத்துல போட்டிருந்த நெல்லையெல்லாம் மறைக்கணும்னு அவசர அவசரமா மேலேருந்து கொட்டுனாங்க."

"அவ உள்ள இருக்கறது…"

"யாருக்குத் தெரியும்? யாரு பாத்தா? மறுநா கீழ்வாயைத் தொறந்தப்ப, நெல்லு வரலை. கைதான் வந்துச்சு."

அமிர்தத்தைப் பிள்ளைக்குத் துணைவைத்துவிட்டு அம்சவல்லி ஊருக்குப் பஸ் ஏறினாள். சாமிதுரை சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "அதை உடைச்சாத்தான் உனக்குத் தூக்கம் வரும்னா உடைப்போம்," என்று கோடரியை எடுத்தான். அவள் அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

வெயில் அடித்தது. கதவெல்லாம் திறந்து கிடந்தது. முதல் வெட்டில் கோடரி துள்ளியது. இரண்டாவது வெட்டில் பலகை பிளந்தது.

அப்போது கேட்டது. உள்ளிழுக்கும் ஒரு மூச்சு. நீளமாக. அறையின் காற்றையெல்லாம் சேர்த்து இழுப்பதுபோல. சாமிதுரையும் கேட்டான், அவன் முகத்திலேயே தெரிந்தது. இருவரும் அது வெளியே வரக் காத்திருந்தார்கள்.

வரவில்லை.

உள்ளே தூசியும் உமியும் இருந்தன. அடிப்பலகையில், வாயைச் சுற்றி, சின்ன விரல்கள் பிறாண்டிய கோடுகள். எல்லாவற்றையும் களத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். தேக்கு சாம்பலாகும்வரை அம்சவல்லி நகரவே இல்லை.

அதோடு சரியானது. செவ்வந்தி வீட்டுக்கு வந்தாள், வாரம் போனது, மாதம் போனது, மூலை காலியாக இருந்தது, சம்பா கதிர் பழுத்தது, அறுப்பு முடிந்தது. பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனாள். மாட்டுப் பொங்கலன்று தெருவில் ஓடினாள். அம்சவல்லி இரவில் அசந்து தூங்கக் கற்றுக்கொண்டாள்.

மாசியில் மறுபரிசோதனைக்குப் போனபோது மெஹராஜ் பேகம் வாய்விட்டுச் சிரித்தார். "இந்த ஒரு வருஷத்துல இவ்வளவு நாள் அட்மிட் ஆகாம இருந்ததே இப்பதான். உதட்டைப் பாருங்க, எப்படிச் சிவந்திருக்கு!" சிரிப்போடே குழாயைக் காதில் மாட்டி, பிள்ளையின் முதுகில் வைத்தார்.

சிரிப்பு மெல்ல அடங்கியது. இடத்தை மாற்றி வைத்தார். மறுபடி மாற்றினார்.

"கண்ணு, கொஞ்சம் மூச்சை அடக்கிக்க."

செவ்வந்தி அடக்கினாள். டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிள்ளை வாயை இறுக மூடியிருந்தது, நெஞ்சு அசையவில்லை. டாக்டரின் விரல் குழாயின் மேல் வெளுத்தது.

"என்னங்கம்மா?"

"ஒண்ணுமில்ல." குழாயைக் கழற்றித் துடைத்தார். பிள்ளையின் முகத்தை அவர் பார்க்கவில்லை. "கருவி பழசு. அடுத்த மாசம் வாங்க."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அறுத்த வயல்கள் வெறிச்சென்று ஓடின. செவ்வந்தி அம்மாவின் மடியில் சாய்ந்தாள்.

"அம்மா, அவ வீட்டை நீங்க எரிச்சிட்டீங்கல்ல."

அம்சவல்லி மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"பாவம், எங்க போவா? நான்தான் வாடின்னேன்."

சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

அம்சவல்லி குனிந்தாள். மகளின் முதுகில் காதை வைத்தாள்.

பிள்ளையின் மூச்சு. உள்ளே, வெளியே. சீராக. அழகாக. அதற்கு நடுவில், ஆழத்தில், இன்னொன்று. சீழ்க்கையோடு. தடுக்கித் தடுக்கி. சட்டையைத் தாண்டி வந்தது புழுங்கிய நெல்லின் வாசனை.

அம்சவல்லி தன் மூச்சை அடக்கினாள்.

உள்ளே அதுவும் அடக்கியது.

செவ்வந்தி மட்டும் தூக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். பஸ் ஒரு பாலத்தில் ஏறி இறங்கியது. அம்சவல்லியின் நெஞ்சு எரிந்தது. காது அடைத்தது. தாங்கவில்லை. விட்டாள்.

அவள் காதுக்கு நேர் கீழே, மெதுவாக, அதுவும் விட்டது.